மீண்டும் இயங்கிய பொறி

பழம்பொருளைப் போற்றுதல் இருவகைப்படும். ஒன்று, அதனைக் கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காத்தல். மற்றொன்று, அதனை மீண்டும் தொழிற்படச் செய்தல். ஓவியமும் சிற்பமும் முன்னைய வகையாலேயே பயன் தரும். பொறியோ, இயங்கும்போதுதான் தன் பெருமையை முற்றக் காட்டும். ஆயின், பழைய பொறியை இயக்குவதற்கு அதன் உறுப்புக்கள் வேண்டும். அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்டு, செய்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்துவரும் நிலையில் அவற்றை எங்ஙனம் பெறுவது? இவ்வினாவிற்குத் தக்க விடையாக விளங்குவது, இங்கிலாந்து நாட்டில் 'கொலோசஸ்' என்னும் கணிப்பொறி மீண்டும் உருப்பெற்ற வரலாறு.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படைத்தலைமை, தன் செய்திகளை 'லோரன்ஸ்' என்னும் கருவியால் மறைமொழியாக்கி அனுப்பியது. அக்கருவியுள் 12 சக்கரங்கள் இருந்தன. அவை எந்நிலையில் தொடங்கிச் சுழன்றன என்பதை அறிந்தாலன்றிச் செய்தியைப் படித்தல் இயலாது. அதனை விரைந்து கண்டறியும் பொருட்டு, பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டாமி பிளவர்ஸ் என்னும் பொறியாளர் கொலோசஸைப் படைத்தார். அது 1944ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் தன் பணியைத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் முதல் நாளன்று, அதனினும் திருந்திய பொறி ஒன்று இயங்கலாயிற்று. அதில் ஏறத்தாழ 2,400 வால்வுகள் ஒளிர்ந்தன. துளையிட்ட காகித நாடா ஒன்று சக்கரங்களின்மேல் ஓட, ஒளியின் துணையால் நொடிக்கு 5,000 எழுத்துக்களை அப்பொறி படித்தது. போர் முடிவுற்ற காலத்தில் இத்தகைய பொறிகள் பத்து இருந்தன.

போர் ஓய்ந்ததும், மறை வெளிப்படலாகாது என்னும் கருத்தால் அவற்றுள் பெரும்பாலானவை பிரித்தழிக்கப்பட்டன. 1960ஆம் ஆண்டில் வரைபடங்களையும் அழிக்குமாறு ஆணை பிறந்தது. பிளவர்ஸ் அவ்வாணைக்கு அடங்கி, தம் உழைப்பின் சான்றாக இருந்த தாள்களைத் தாமே உலையில் இட்டு எரித்தார். அப்படியொரு பொறி இருந்ததென்பதையே உலகம் நெடுங்காலம் அறியவில்லை.

இவ்வாறு அழிந்த பொறியை மீண்டும் ஆக்க முற்பட்டவர் டோனி சேல் என்பவர். அவர் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பழைய கணிப்பொறிகளைச் செப்பனிட்டுப் பழகியவர். 1993ஆம் ஆண்டில் அவர் இப்பணியைத் தொடங்கியபொழுது, 'இஃது ஆகும் செயலன்று' என்றே பலர் கருதினர். அவர் கையில் இருந்தவை, 1945ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட எட்டு நிழற்படங்களும், பழைய பொறியாளர் சிலர் விதியை மீறித் தம்மிடம் வைத்திருந்த மின்சுற்று வரைபடத் துண்டுகளுமே ஆகும். சேல் அந்நிழற்படங்களைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்ந்து, சட்டங்களின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கணக்கிட்டார். எஞ்சியிருந்த முதிய பொறியாளர்களை நாடி, அவர்தம் நினைவிலிருந்தவற்றைக் கேட்டறிந்தார்.

அளவு கிடைத்துவிட்டது, உறுப்புக்கள் கிடைக்க வேண்டுமே! இவ்விடத்தில் பிளவர்ஸின் பழைய முறையே கைகொடுத்தது. அவர் தொலைபேசித் துறையில் தேர்ந்தவர். போர்க்காலத்தில் காலம் அரிதாக இருந்தமையின், புதிய உறுப்புக்களைச் செய்துகொண்டிராமல், தொலைபேசி நிலையங்களில் வழங்கிய உறுப்புக்களையே பெரிதும் பயன்படுத்தினார். மின்விசையால் திறந்து மூடும் ரிலேக்களும், படிப்படியாகச் சுழன்று மின்தொடர்பை மாற்றித் தரும் யூனிசெலக்டர்களும் அத்தகையன. இவை ஐம்பது ஆண்டு கழிந்த பின்னரும் இங்கிலாந்தின் பழைய தொலைபேசி நிலையங்களில் இருந்தன. அந்நிலையங்களோ, புதிய மின்னணு முறைக்கு இடமளித்து அக்காலத்தேதான் கலைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சேலும் அவருடைய குழுவினரும் அவ்வுறுப்புக்களைத் தேடிச் சேர்த்தனர். சில ஆண்டுகள் தாழ்த்திருந்தால் அவையனைத்தும் பழைய இரும்பாக உருகியிருக்கும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது இதுவன்றோ!

வால்வுகளையும் இவ்வாறே தேட வேண்டியதாயிற்று. கண்ணாடிக் குமிழுள் காற்றை நீக்கி, மெல்லிய இழையைச் சூடேற்றி இயங்குவது வால்வு. வேறுவகை வால்வை அதனிடத்தில் பொருத்தினால் சுற்றின் தன்மையே மாறிவிடும். ஆதலின் அதே இனத்தைச் சேர்ந்த பழைய வால்வுகளே வேண்டியிருந்தன. கிடைத்த வால்வுகளை நெடுங்காலம் காப்பது எவ்வாறு? அதற்கும் பிளவர்ஸே வழி காட்டியிருந்தார். அடிக்கடி சூடேறிக் குளிர்வதனாலேயே வால்வு பெரிதும் பழுதுறுகின்றது என்றும், ஏற்றிய வால்வை அணைக்காது விட்டால் அது நெடுநாள் உழைக்கும் என்றும் அவர் முன்னரே கண்டிருந்தார்.

தேடிக் கிடைக்காதவற்றைச் செய்தே ஆக வேண்டும். நாடாவைப் படிக்கும் ஒளிக்கருவி அத்தகையது. அதனை முதலில் வகுத்தவராகிய ஆர்னால்டு லிஞ்ச் என்பார் அப்பொழுது எண்பது வயதை எட்டியிருந்தார். அவருடைய துணையால், பழைய இலக்கணம் பிறழாமல் அக்கருவி மீண்டும் அமைக்கப்பட்டது. தாளில் அழிந்த அறிவு, ஒரு மனிதர் நெஞ்சில் அழியாதிருந்து பயன்பட்டது.

1996ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், கொலோசஸ் மீண்டும் இயங்கியது. வரைபடங்களை எரித்த பிளவர்ஸே அருகிருந்து அக்காட்சியைக் கண்டார். ஈராண்டுகளில், 1998இல், அவர் காலமானார். குழுவினர் மேலும் உழைத்து, 2007ஆம் ஆண்டில் திருந்திய பொறியை முழுமையாக்கினர். அவ்வாண்டு நடந்த ஒரு போட்டியில், மறைமொழிச் செய்தி ஒன்றை உடைக்க அதற்கு மூன்றரை மணி நேரத்திற்கு மேலாயிற்று; ஜெர்மானியர் ஒருவர் தம் வீட்டுக் கணிப்பொறியால் அதனினும் மிக விரைவில் விடை கண்டுவிட்டார்.

அவ்வாறாயின் இம்முயற்சி வீணோ எனச் சிலர் வினவலாம். விரைவே நோக்கமாயின் அஃது உண்மையே. நகத்தளவான ஒரு சில்லை உள்ளே வைத்து, அப்பொறியின் வேலையை எளிதாகச் செய்துகாட்டியிருக்கலாம். ஆனால் அது கொலோசஸ் ஆகாது. முன்னோர் எவ்வெவ் இடர்களுக்கிடையே எவ்வெவ் பொருள்களைக்கொண்டு எண்ணினர் என்பதை அந்தச் சில்லு காட்டாது. பழைய வால்வே காட்டும்.

இன்று பயனற்றதென எறியப்படும் உறுப்பு, நாளை ஒரு பொறிக்கு உயிராகலாம். உறுப்பைக் காப்பதினும் இன்றியமையாதது, அதனைச் செய்யும் முறையை எழுதிவைத்தலும், அறிந்த பெரியோரிடம் அவர் உள்ளபொழுதே கேட்டறிதலும் ஆகும். காலம் தாழ்த்தின், உறுப்பும் கிட்டாது, உரைப்பாரும் கிட்டார்.

பயிற்சி
1. பிளவர்ஸ் தொலைபேசி உறுப்புக்களைப் பயன்படுத்தியமை பிற்காலத்தார்க்கு எங்ஙனம் உதவிற்று?
2. வால்வுகளை அணைக்காது வைத்தலின் பயன் யாது?
3. உங்கள் ஊரில் வழக்கொழிந்துவரும் கருவி ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.