யூட்யூபில் ஏற்றிய பின் ஒரிஜினலை அழிக்கலாமா?

கிண்டியில் கம்ப்யூட்டர் சொல்லித் தரும் என்னிடம் புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வீடியோவை யூட்யூபில் ஏற்றிவிட்டேன். இனி ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைலை அழித்து இடத்தை மிச்சப்படுத்தலாமா?" அழிக்க வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்று பார்ப்போம்.

மையத் தளங்கள்

யூட்யூப் 2005ல் தொடங்கப்பட்டது; 2006ல் கூகுள் அதை வாங்கியது. இத்தகைய தளங்களில் எல்லோருடைய வீடியோக்களும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில் இருக்கும். ஏற்றக் கட்டணம் இல்லை. தேடினால் உடனே கிடைக்கும். ஆனால் சாவி நம்மிடம் இல்லை.

டிக்டாக்கை எடுத்துக் கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது; அதே மாதம் தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. ஒரிஜினலைத் தனியே வைத்திருந்தவர்களால் மட்டுமே தங்கள் வீடியோக்களை எளிதாக வேறு தளத்தில் ஏற்ற முடிந்தது. சில சமயம் நிறுவனமே கடையை மூடிவிடும். கூகுள் வீடியோ தளம் 2012ல் மூடப்பட்டது.

பரவலான தளங்கள்

ஜிமெயிலில் இருந்து யாஹூ முகவரிக்கு மெயில் அனுப்புகிறோம் அல்லவா? நிறுவனங்கள் வேறு, ஆனாலும் ஒன்றோடு ஒன்று பேசுகின்றன. பியர்ட்யூப் இதே முறையில் இயங்குகிறது. பிரான்சின் பிரமாசாப்ட் அமைப்பு உருவாக்கிய இந்த இலவச சாப்ட்வேரின் முதல் முழுப் பதிப்பு 2018ல் வந்தது. கல்லூரியோ, நண்பர் குழுவோ, தங்கள் சர்வரில் இதைப் பதிந்து தனித் தளம் தொடங்கலாம். ஒரு தளத்தில் உள்ள வீடியோவை, அதனுடன் இணைந்த இன்னொரு தளத்தில் இருந்தும் பார்க்கலாம். ஒரே வீடியோவைப் பலர் ஒரே நேரத்தில் பார்த்தால், அவர்களின் பிரவுசர்கள் துண்டுகளைத் தமக்குள் பகிர்ந்து கொள்ளும். சர்வரின் சுமை குறையும்.

குறைகளும் உண்டு. பார்வையாளர்கள் குறைவு, சர்வர் செலவை யாராவது ஏற்க வேண்டும். ஒரு தளம் மூடப்பட்டால் மற்றவை இயங்கும். ஆனால் அதில் மட்டும் இருந்த வீடியோ போய்விடும்.

அருகிலேயே ஒரு பாடம்

கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியுள்ள ஐஐடி மெட்ராஸும் பிற ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ல் தொடங்கிய திட்டம் என்பிடெல். இதன் பாடங்கள் யூட்யூபில் உள்ளன. திட்டத்தின் சொந்தத் தளத்திலும் உள்ளன. ஒரு வாசல் அடைபட்டாலும் மாணவருக்கு இன்னொரு வாசல் இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஒரிஜினல் பைலை ஹார்ட் டிஸ்க்கிலும், தனியான எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றிலும் வையுங்கள்.

2. ஒரிஜினல் இல்லையெனில், கூகுள் டேக்அவுட் மூலம் உங்கள் யூட்யூப் வீடியோக்களை மொத்தமாக டவுன்லோட் செய்திடுங்கள். யூட்யூப் ஸ்டுடியோவில் ஒவ்வொன்றாகவும் இறக்கலாம். ஆனால் அங்கு தரம் குறையக்கூடும்.

3. இறக்கிய பைலை ஒருமுறை முழுவதும் இயக்கிப் பாருங்கள். பிறகு எந்தத் தளத்தில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள்.