கைது முதல் மேல்முறையீடு வரை: மலேசியாவில் ஒரு குற்ற வழக்கு

மலேசியாவில் குற்றவியல் சட்டம் கூட்டரசின் கையில் இருக்கிறது. ஷரியா குற்றங்கள் நீங்கலாக, சிலாங்கூருக்கு ஒரு சட்டம், பினாங்குக்கு ஒரு சட்டம் என்று கிடையாது. தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் நாடு முழுவதற்கும் பொது. ஒருவர் மீது குற்றம் சாட்டுவதா, சாட்டியதை மீட்டுக்கொள்வதா என்ற முடிவு அரசியலமைப்பின் 145ஆவது விதிப்படி சட்டத்துறைத் தலைவருடையது. அவர் சார்பில் நீதிமன்றத்தில் வாதாடுபவர் டிபிபி எனப்படும் துணை அரசாங்க வழக்கறிஞர். எனவே புகார் கொடுத்தவர் "கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் வழக்கு தானாக விழுந்துவிடாது. புகார்தாரரைச் சமாதானப்படுத்திவிட்டால் போதும் என்று நம்பி முதல் வாரத்தை வீணடிக்கும் குடும்பங்கள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஏராளம். வீணாவது வாரம் மட்டுமல்ல. சாட்சியாக வரவிருப்பவரை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது சாட்சியை மிரட்டியதாகவும் திரும்பக்கூடும்.

வழக்கின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கூண்டில் நடக்கும் குறுக்கு விசாரணை அல்ல. கைதான நாளுக்கும் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்கப்படும் நாளுக்கும் இடையில் நடப்பவைதான் தீர்மானிக்கின்றன.

அரசியலமைப்பின் 5ஆவது விதி இரண்டு உறுதிகளைத் தருகிறது. கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். கைதானவர் தாம் விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இதற்கு விரிவு கொடுக்கிறது: உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமை கைதானவருக்கு உண்டு. கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள், தடயம் அழிந்துவிடும் என்று கருதினால் உயர் அதிகாரி ஒருவர் இதை மறுக்கலாம். பலாயில், அதாவது காவல் நிலையத்தில், "இப்போ பார்க்க முடியாது" என்று பதில் வந்தால், அந்த விதிவிலக்கு எழுத்தில் பயன்படுத்தப்பட்டிருக்கிறதா என்று வழக்கறிஞர் கேட்பது வழக்கம். குடும்பத்தினர் செய்ய வேண்டியது எளிது. விசாரணை அதிகாரியின் பெயர், கைப்பேசி எண், எந்தச் சட்டப் பிரிவு, எந்த லாக்கப், ரிமாண்டுக்கு எங்கே கொண்டுபோகிறார்கள் என்ற விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கைதானவர் அதே வட்டாரத்து லாக்கப்பில்தான் இருப்பார் என்பதில்லை. கோலாலம்பூரில் பலர் ஜிஞ்சாங் லாக்கப்புக்குப் போகிறார்கள்.

24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க 117ஆவது பிரிவின்படி ரிமாண்ட் ஆணை தேவை. 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக் குற்றமென்றால் முதல் விண்ணப்பத்தில் 4 நாள், இரண்டாவதில் 3 நாள் வரை வைக்கலாம். 14 ஆண்டு அல்லது அதற்கு மேல், அல்லது மரண தண்டனைக்குரிய குற்றமென்றால் 7 நாளும் மீண்டும் 7 நாளும். கேட்ட நாட்களை எல்லாம் மாஜிஸ்திரேட் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. வழக்கறிஞர் எழுந்து, கைதானவர் கைப்பேசியை ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டார், வாக்குமூலம் வாங்கியாகிவிட்டது, இன்னும் என்ன விசாரணை மிச்சம் என்று கேட்டால் நாலு நாள் இரண்டாகக் குறைவதும் உண்டு. கேட்க ஆளில்லை என்றால் குறையாது. இந்தக் குறையைப் போக்கத்தான் 2011இல் தேசிய சட்ட உதவி அறவாரியம் உருவானது. 2012 ஏப்ரல் முதல் அதன் வழக்கறிஞர்கள் ரிமாண்ட் விசாரணைகளுக்கு வருகிறார்கள். மலேசியக் குடிமக்களுக்கு இந்தக் கட்டத்தில் கட்டணமில்லை. ஆனாலும் "லாயர் வேண்டுமா" என்று யாராவது கேட்டால், காசில்லையே என்று கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லும் பையன்கள்தான் அதிகம்.

உடலில் காயம், நோய், மருந்து எதுவாக இருந்தாலும் அதை மாஜிஸ்திரேட்டிடம் வாய்திறந்து சொல்ல வேண்டிய இடமும் இதுவே. 2009 ஜனவரியில் கார் திருட்டு விசாரணைக்காகக் கைதான 22 வயது ஏ. குகன், சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். அவருடைய குடும்பத்துக்கு 8,01,700 ரிங்கிட் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. குகன் என்ற பெயர் மலேசியத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரிமாண்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு பலாயில் காலக்கெடு முடிந்து வெளியே வருபவரை, வேறொரு புகாரின் பேரில் அடுத்த பலாய் வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். விடுதலை நாளில் வழக்கறிஞரோ உறவினரோ அங்கே நிற்பது இதற்காகத்தான்.

போலீஸ் எடுக்கும் வாக்குமூலத்தில் பெயர், முகவரி போன்றவற்றைச் சொல்ல வேண்டும். தம்மைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையை 112ஆவது பிரிவே தருகிறது. "இதை நீதிமன்றத்தில் சொல்கிறேன்" என்ற ஒரு வரி போதும். குற்றஞ்சாட்டப்பட்டவர் போலீஸிடம் சொன்னது பொதுவாக அவருக்கு எதிரான சாட்சியமாகாது. அதை நம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட முடியாது. போதைப்பொருள் வழக்கிலும் ஊழல் தடுப்பு ஆணையத்தின் வழக்கிலும் எச்சரிக்கைக்குப் பின் கொடுத்த வாக்குமூலம் நுழைந்துவிடும். பொருள் ஒளித்துவைத்த இடத்தைக் காட்டிக்கொடுத்தால், அந்தப் பகுதி எந்த வழக்கிலும் நுழையும். தமிழில் சொன்னதை மலாயில் எழுதியிருந்தால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது குற்றச்சாட்டு. மரண தண்டனைக் குற்றங்கள் உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. மற்றவை பெரும்பாலும் தன்மைக்கேற்ப மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். ஜாலான் டூத்தா வளாகமானாலும் கிள்ளானானாலும் ஷா ஆலமானாலும் காலை நடைமுறை ஒன்றே: பெயர் கூப்பிடுவார்கள், குற்றச்சாட்டை வாசிப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார், ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். இரண்டு நிமிடம்தான்.

குற்றச்சாட்டின் எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கிள்ளானிலேயே சான்று இருக்கிறது. 2007 நவம்பர் 23 அன்று மலேசிய இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் தலைவர்கள் பி. உதயகுமார், பி. வேதமூர்த்தி, வி. கணபதிராவ் மூவரும் தமிழ்ப் பேச்சு ஒன்றுக்காக நிந்தனைச் சட்டத்தின் கீழ் கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். பேச்சின் தமிழ் மூலம் குற்றச்சாட்டில் இணைக்கப்படவில்லை. மூன்றே நாளில், நவம்பர் 26 அன்று, நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால் அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. நீதிமன்றங்களில் டிஎன்ஏஏ என்று சுருக்கமாகச் சொல்லும் இத்தகைய விடுவிப்புக்குப் பிறகு அதே குற்றச்சாட்டைத் திருத்தி மறுபடியும் கொண்டுவரலாம். உதயகுமார் அடுத்த மாதமே வேறொரு நிந்தனைக் குற்றச்சாட்டில் கோலாலம்பூர் நீதிமன்றத்தில் நின்றார். 2013 ஜூனில் 30 மாதச் சிறை விதிக்கப்பட்டது. டிஎன்ஏஏ கிடைத்த அன்றே விருந்து வைப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஜாமீன் கிடைப்பது ஒன்று, அதைக் கட்டி முடிப்பது வேறு. தொகையை நீதிபதி சொன்ன பிறகு, ஜாமீன்தாரர் அடையாள அட்டையோடு ஜாமீன் முகப்புக்குப் போய்ப் பாரம் வாங்கி, வங்கியில் கணக்குத் திறந்து பணம் போட்டு, அந்தப் புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். மாலையில் வங்கி மூடிவிட்டால் கைதானவர் அன்றிரவு சுங்கை பூலோவிலோ காஜாங்கிலோ தூங்க வேண்டியதுதான். குற்றம் சாட்டப்படும் காலையிலேயே குடிமகனான ஜாமீன்தாரர், பணம், அடையாள அட்டை மூன்றும் நீதிமன்ற வளாகத்தில் இருக்க வேண்டும். வாசலில் நின்று "நான் பெயில் எடுத்துத் தருகிறேன்" என்று கமிஷன் கேட்பவரிடம் போகத் தேவையில்லை. வழக்கு முடிந்ததும் தொகை ஜாமீன்தாரருக்கே திரும்பும். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஓடிவிட்டால் பறிபோகும்.

குற்றத்தை ஒப்புக்கொள்வதில்தான் பலர் வாழ்க்கையைத் தொலைக்கிறார்கள். "ஒப்புக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்" என்று லாக்கப்பில் யாரோ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டத்தன்மையையும் எதிர்த்துத்தான் பிறகு முறையிட முடியும். தாம் செய்யவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. குற்றப் பதிவு வேலைக்கும் உரிமங்களுக்கும் குறுக்கே நிற்கும். அவசரமில்லாத வழி ஒன்று இருக்கிறது. அன்று மறுத்துவிட்டு, 51ஏ பிரிவின்படி அரசு தரப்பு தர வேண்டிய முதல் தகவல் அறிக்கையையும் ஆவணங்களையும் வாங்கிப் படித்து, பிறகு சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு மனு அனுப்பலாம். குற்றச்சாட்டைக் குறைக்கவோ மீட்கவோ கோரும் இந்த மனுவைத்தான் ரெப்ரசன்டேஷன் என்கிறார்கள். 2012இல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 172டி பிரிவின்படி பேரம் பேசி ஒப்புக்கொண்டால், சில கடுங்குற்றங்கள் தவிர மற்றவற்றில் தண்டனை உச்ச அளவில் பாதியைத் தாண்டாது. இதெல்லாம் தெரிந்த பிறகு ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

விசாரணையில் அரசு தரப்பு முதலில் சாட்சிகளை நிறுத்தும். மேலோட்டமாகக்கூடக் குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் எதிர்வாதம் கேட்காமலே விடுதலை. நிரூபணமானால் மூன்று வழி: சத்தியம் செய்து சாட்சி சொல்வது, கூண்டிலிருந்து அறிக்கை வாசிப்பது, மௌனம். போதைப்பொருள் வழக்குகளில் 15 கிராம் ஹெராயின், 200 கிராம் கஞ்சா போன்ற அளவைத் தொட்டால் கடத்தல் என்று சட்டமே அனுமானிக்கிறது. பொருள் கைவசம் இருந்தது என்ற அனுமானத்தின் மேல் கடத்தல் அனுமானத்தையும் அடுக்கும் பிரிவு செல்லாது என்று 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அறிவித்தது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையும் இல்லை. நீதிபதிக்குத் தேர்வு உண்டு.

பாதுகாப்புக் குற்றங்களுக்கான சோஸ்மா சட்டத்தின் வழக்குகள் தனி ரகம். 2012இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்துக்கு வந்த இச்சட்டம் 28 நாள் வரை காவலில் வைக்கவும், வழக்கறிஞர் சந்திப்பை 48 மணி நேரம் தள்ளிவைக்கவும் இடம் தருகிறது. பெரும்பாலோருக்கு ஜாமீனும் இல்லை. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சாமிநாதனின் வழக்கில் ஜாமீன் மறுக்கும் 13ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் நவம்பரில் சொன்னது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் அனைவர் மீதான வழக்கையும் கைவிட்டார். ஆனால் அந்தப் பிரிவு அதோடு மறைந்துவிடவில்லை. சோஸ்மா கைதிகளின் குடும்பங்கள் ஜாமீனுக்காகப் பின்னரும் போராடின.

தண்டனை விதிக்கப்பட்டால் மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள்தான். தீர்ப்பு வந்த அன்றே வழக்கறிஞரிடம் அதை எழுதச் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் சிறையில் இருப்பவர் அந்த அறிவிப்பைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கக் கடமைப்பட்டவர்.