வாய்க்காலில் போட்ட கவர் வயலுக்குத்தான் வரும்



இந்த மாதப் பாடம் குப்பையைப் பற்றியது. குப்பையில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம்ம டெல்டாவில் குப்பை வீட்டு விஷயம் மட்டும் இல்லை, விவசாய விஷயமும்கூட. எப்படி என்று பார்ப்போம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசியுங்கள், மற்றவர்கள் கேட்டுப் பேசுங்கள்.

தண்ணீர் போகும் வழி

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அதிலிருந்து கிளை ஆறு, பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால், கடைசியில் நம்ம வயல் மடை. நம்ம பூமி சமதரை. இங்கே தண்ணீர் பாய்ந்து ஓடாது, மெல்ல நடந்துதான் போகும். அதனால் பாலத்துக் குழாயிலோ மதகிலோ நாலு பிளாஸ்டிக் கவரும் ஒரு கிழிந்த சாக்கும் ஆகாயத்தாமரையோடு சேர்ந்து சிக்கினால் போதும், தண்ணீர் அங்கேயே நின்றுவிடும்.

இதனால் என்ன ஆகிறது? குறுவைக்குத் தண்ணீர் வர வேண்டிய நேரத்தில் கடைமடைக்கு வராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலிலிருந்து வடிய வேண்டிய நேரத்தில் வடியாது. இளம்பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் அழுகிப்போகும். நடவுக்கு நாம் குழுவில் வாங்கிய கடன் அப்படியே நிற்கும், தவணையும் தவறும்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது. அது இயற்கை. ஆனால் சாதாரண மழைக்கே வயல் மூழ்குகிறது என்றால், வாய்க்கால் அடைப்பில் நம்ம வீட்டுக் கவரும் இருக்கிறதா என்று நாம் பார்க்கத்தான் வேண்டும். தூர் வாரிய மறு மாதமே கொல்லைப்புறத்து வாய்க்காலில் குப்பையைக் கொட்டினால் தூர் வாரி என்ன பயன்?

ஒரு சின்னக் கணக்கு

ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று கவர் வருவதாக வைத்துக்கொள்வோம். மளிகைக்கு ஒன்று, காய்க்கு ஒன்று, பூவுக்கு ஒன்று. 15 பேர் உள்ள குழுவுக்கு ஒரு நாளைக்கு 45 கவர். மாதம் 1,350. வருஷத்துக்கு 16 ஆயிரத்துக்கு மேல்! இத்தனையும் கால் மணி நேரம் கையில் இருந்த கவர்கள். மண்ணுக்குள் போனால் நம்ம பேரப்பிள்ளைகள் காலத்திலும் மக்காது. மேயப்போன மாடு, ஆடு சோற்று வாசனைக்குக் கவரோடு தின்றுவிடும். அது வயிற்றில் பந்தாகத் திரண்டு, தீனி எடுக்காமல் மெலிந்து சாகும். கடன் வாங்கிப் பிடித்த கறவை மாடு என்றால் அந்த நஷ்டம் யாருக்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, தம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், தெர்மாகோல் தட்டு, பந்தியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் இதில் அடங்கும். துணி போலவே தெரியும் கலர் பைகளும் இந்தத் தடையில் உண்டு. அது துணி இல்லை, பிளாஸ்டிக்தான். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நெய்த துணி என்றால் நூல் நூலாகப் பிரியும், இது பிரியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. ஆனால் சட்டம் கடைவாசல் வரைதான் வரும். கையில் பையோடு போவதா, வெறுங்கையோடு போவதா என்று தீர்மானிப்பது நாம்தான்.

முதல் பாடம்: வீட்டுக்குள் வராமல் பார்ப்பது

வீட்டுக்குள் வராத பிளாஸ்டிக்கை வெளியே கொட்ட வேண்டிய வேலையே இல்லை.

1. பழைய சேலை, வேட்டி, பேண்ட் துணியில் மூன்று பை தைத்து, ஒன்றை வாசல் ஆணியில் மாட்டுங்கள். இன்னொன்று அவர் சைக்கிளிலோ வண்டியிலோ இருக்கட்டும். மூன்றாவது ரேஷன் கடைக்கு.

2. பாலுக்கும், ஓட்டலில் வாங்கும் சாம்பாருக்கும் தூக்கு வாளி. கறி, மீன் வாங்க மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. சூடான குழம்பைப் பிளாஸ்டிக் கவரில் கட்டினால் கவரில் உள்ள ரசாயனம் சாப்பாட்டில் இறங்கும்.

3. பூவுக்கும் வெற்றிலைக்கும் வாழை இலை, வாழைச்சருகு போதும். திருவையாறு பக்கம் வாழைக்குப் பஞ்சமா? பஜ்ஜி, வடையைப் பேப்பரில் வாங்க வேண்டாம், அச்சு மை எண்ணெயில் கலந்துவிடும். இலையில் கேளுங்கள்.

4. ஷாம்பூ, ஊறுகாய், பாக்கு என்று சின்னச் சின்னப் பாக்கெட்டுகளைக் குறையுங்கள். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் விற்பதற்கு முன்னோடி நம்ம கடலூர் சின்னிகிருஷ்ணன்தான். ஏழை வீட்டுக்கும் அந்தப் பொருள் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் பல அடுக்காக ஒட்டிய அந்தப் பாக்கெட்டைப் பழைய சாமான் கடைக்காரர் எடுப்பதில்லை. சீயக்காய் அரைத்துக்கொள்ளலாம், அல்லது பெரிய பாட்டிலாக வாங்கலாம்.

இரண்டாம் பாடம்: வந்ததைப் பிரிப்பது

அடுப்படியில் இரண்டு கூடை வையுங்கள். ஒன்று மக்கும் குப்பைக்கு, மற்றது மக்காத குப்பைக்கு.

காய்கறித் தோல், சாதம், முட்டை ஓடு, வாழை இலை, சருகு எல்லாம் எருவாகும். நம்ம பக்கம் மழைக்காலத்தில் குழி தோண்டினால் தண்ணீர் ஊறி நாறும். அதனால் மேட்டுப்பாங்கான இடத்தில் ஒரு சிமெண்ட் உறையை இறக்குங்கள், அல்லது நாலு பக்கமும் மூங்கில் தட்டி கட்டுங்கள். அடியில் தேங்காய் மட்டை, அதன் மேல் குப்பை, சருகு, சாணிக் கரைசல், கொஞ்சம் மண் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். மேலே ஓலையால் மூடி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு எரு தயார். கொல்லையில் கத்தரி, வெண்டை, அவரைக்குப் போடலாம்.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் தனித் துண்டாக்காதீர்கள். அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. பாதி வெட்டித் தொங்கவிடுங்கள். கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் எடைக்குப் போடலாம். மற்ற பிளாஸ்டிக்கைச் சுத்தமாகப் பிரித்து ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். பிளாஸ்டிக்கைத் துண்டாக்கித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அழுக்கும் சோறும் ஒட்டிய கவர் அதற்கு உதவாது.

எரிப்பது மட்டும் கூடவே கூடாது. அடுப்புப் பற்றவைக்கக் கவரைக் கொளுத்தும் பழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. அந்தப் புகையில் டையாக்சின் போன்ற நஞ்சு இருக்கிறது. அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாமும் மடியில் இருக்கும் குழந்தையும்தான் அதை முதலில் சுவாசிக்கிறோம். காய்ந்த தென்னம்பாளையும் தேங்காய் நாரும் இருக்கும்போது கவர் எதற்கு?

மூன்றாம் பாடம்: குழுவாகச் செய்வது

தனி ஒரு வீட்டால் முடியாததைக் குழுவால் செய்ய முடியும்.

கூட்டுக் கொள்முதல்: எண்ணெயை 15 கிலோ டின்னாகவும், பருப்பை மூட்டையாகவும் வாங்கி, அவரவர் பாத்திரத்தில் அளந்து பிரித்துக்கொள்ளலாம். கவர் மிச்சம், விலையிலும் மிச்சம். காலி டின்னை விற்றால் அந்தப் பணம் குழுவுக்கு.

பாத்திர வாடகை: நூறு எவர்சில்வர் தம்ளர், நூறு தட்டு, இரண்டு அண்டா வாங்கி வையுங்கள். காதுகுத்து, வளைகாப்பு, கோயில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் வாடகைக்குக் கொடுக்கலாம். வாடகை எவ்வளவு, கழுவுவது யார், தொலைந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடிப்பெருக்கு: காவிரித் தாய்க்குக் காதோலை கருகமணியும் காப்பரிசியும் கொண்டு போகிறோம். அவற்றைக் கட்டிய கவரையும் அவள் மடியிலேயே போடலாமா? அன்றைக்குப் படித்துறையில் குழுவில் இரண்டு பேர் கூடையோடு நின்று கவரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்களால் எவ்வளவு முடியும் என்பதற்கு சத்தீஸ்கர் மாநிலத்து அம்பிகாபூர் நகரம் ஒரு சாட்சி. அங்கே 2015-ல் நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகக் குப்பை எடுத்து, பிரித்து, விற்று வருமானம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த முறைக்கு வழிகாட்டியவர் நம்ம வேலூர் சீனிவாசன்.

கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம்ம ஊரில் எந்த மதகில், எந்தப் பாலத்தடியில் குப்பை அடைக்கிறது? அதில் நம்ம தெருக் குப்பை எவ்வளவு?

2. போன வாரம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் எத்தனை கவர் வந்தது? அடுத்த வாரம் எண்ணி வந்து சொல்ல முடியுமா?

3. பாத்திர வாடகைக்குக் குழுச் சேமிப்பில் எவ்வளவு ஒதுக்கலாம்?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அதைத்தான் வாசிக்க வேண்டும். சம்பா நடவு முடிந்து மழை பிடிப்பதற்குள் நம்ம தெரு வாய்க்காலில் ஒரு கவரும் இல்லை என்ற நிலை வந்தால், இந்தப் பாடத்தில் நாம் எல்லோரும் பாஸ்.