மதுவும் மனநோயும் வன்செயலும்

கொலை, களவு, கள், காமம், பொய் என்னும் ஐந்தையும் பஞ்சமாபாதகங்கள் எனச் சைவ மக்கள் சிறுவயதிலேயே கற்கின்றனர். திருவள்ளுவரும் திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கென வகுத்தார். கொலையோடு கள்ளையும் ஒரே வரிசையில் வைத்த முன்னோரின் கருத்து எத்துணை பொருத்தமானது என்பதை இன்றைய மருத்துவமும் உணர்த்துகின்றது.

கோபத்தை அடக்கவும் பின்விளைவைச் சிந்திக்கவும் உதவுவது மூளையின் முன்பகுதியாகும். மது இக்கட்டுப்பாட்டைத் தளர்த்துகின்றது. இரண்டு வார்த்தையோடு முடியவேண்டிய வேலிச்சண்டை வெறியில் கத்திவெட்டாக மாறுவது இதனாலேயே. நீண்டகாலம் குடிப்போர் சிலருக்கு மனைவிமீது ஆதாரமற்ற சந்தேகம் நோயாகவே வளர்ந்து, வீட்டிலே பெருந்துன்பத்தை விளைவிக்கின்றது.

மனநோயாளர் என்றாலே ஆபத்தானவர் என ஒதுக்குவது தவறு. சுவீடன் நாட்டில் 1973 முதல் 2006 வரையான பதிவுகளிலிருந்து மனச்சிதைவு நோயாளர் 8,003 பேரை ஆராய்ந்த ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. மது அல்லது போதைப்பொருட் பழக்கமும் சேர்ந்திருந்த நோயாளரில் 100க்கு ஏறத்தாழ 28 பேர் வன்குற்றம் புரிந்திருந்தனர். அப்பழக்கமற்ற நோயாளரில் இது 100க்கு 8 அல்லது 9 பேரே. பொதுமக்களில் 5 பேர். ஆகவே ஆபத்தைப் பெருக்குவது நோயைவிடப் போதையே எனலாம்.

போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் உறவுகளை இழந்தோர் துயர் மறக்கக் குடிப்பதுண்டு. குடி துயரைச் சிறிதுநேரம் மறைத்து, பின்னர் மனச்சோர்வை மேலும் கூட்டுகின்றது.

கொடியேற்றத்தன்று நேர்த்தி வைத்துக் குடியை விடுவோர் உளர். அது போற்றத்தக்கதே. ஆயினும் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில நாட்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் ஏற்படலாம். இல்லாத உருவங்களும் கண்ணுக்குத் தெரியலாம். அதனைப் பேய்க்குணம் என்று எண்ணிப் பார்வை பார்ப்பதிலே காலம் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நேர்த்தி வைக்குமுன் வைத்தியரைக் காண்பது அதனினும் நன்று.

வீட்டில் அடி உதைக்கு ஆளாவோர் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். மனநல ஆலோசனைக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.

குடிப்பவரை இகழ்ந்து தள்ளாது, அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும், அவர் வீட்டாருக்கு அயலவர் துணைநிற்பதும் இறைவனுக்குச் செய்யும் தொண்டேயாகும்.