பழைய நிரலைப் புதுப்பிக்கும் கருவிகள்

கேள்வி: பழைய கணினி நிரல்களைத் தானாகவே மாற்றித் தரும் கருவிகள் எப்போது தோன்றின?

பதில்: 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் தன் ‘ஹனிவெல் 200’ கணினியோடு ‘லிபரேட்டர்’ என்ற கருவியையும் அறிவித்தது. ஐபிஎம் 1401 கணினிக்காக எழுதிய நிரல்களை அது ஹனிவெல்லுக்கு ஏற்றபடி மாற்றித் தந்தது. எல்லா நிரல்களையும் மறுபடி எழுதும் செலவுக்கு அஞ்சியே பலர் ஐபிஎம்மை விட்டு நகராமல் இருந்தார்கள். அந்தத் தடையைத்தான் ஹனிவெல் உடைக்கப் பார்த்தது. 1964 ஏப்ரலில் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வேறு வழியில் போனது. அதன் சிறிய மாடல்களில் 1401 நிரல்களை மாற்றாமல் அப்படியே ஓட்டும் ‘எமுலேஷன்’ வசதி கிடைத்தது. மாற்றி எழுதுவதா, பழையதையே ஓட்டுவதா என்ற இந்த இரண்டு வழிகளும் இன்றைக்கும் இருக்கின்றன.

கேள்வி: நிரலைப் புரிந்துகொள்ள உதவும் கருவிகள்?

பதில்: எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார், குறிப்பேடும் இருக்காது. பழைய நிரலைத் தொடுகிறவர்களின் பெரிய சிக்கல் இதுதான். 1960-களிலேயே அப்ளைடு டேட்டா ரிசர்ச் நிறுவனத்தின் ‘ஆட்டோஃப்ளோ’ என்ற கருவி, நிரலைப் படித்து அதன் பாய்வுப்படத்தை வரைந்து கொடுத்தது. 1981-இல் மார்க் வைசர் ‘ஸ்லைசிங்’ முறையை விளக்கினார்: ஒரு மாறியின் மதிப்பைப் பாதிக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுப்பது.

இத்தகைய பகுப்பாய்வின் அருமை ஒய்2கே நெருக்கடியில் புரிந்தது. இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியிருந்ததால், 2000-ஐ 1900 என்று கணினி எடுத்துக்கொள்ளும் அபாயம் இருந்தது. ‘டேட்’ என்று பெயரிட்ட இடங்களைத் தேடினால் மட்டும் போதாது. அந்த மதிப்பு வேறு பெயரில் எங்கெங்கே நகலாகிறது என்றும் தொடர்ந்து போக வேண்டும். கருவிகள் அதைச் செய்தன. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் இந்த வேலையைத் தொழிற்சாலை முறையில் பிரித்து, மாற்றத்தைத் தானியக்கமாக்கும் கருவிகளையும் உருவாக்கியது.

கேள்வி: இப்போது செயற்கை நுண்ணறிவு இந்த மாற்றும் வேலையைச் செய்துவிடுமா?

பதில்: கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழியில் எழுதியதை ஜாவா மொழிக்கு மாற்ற உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஐபிஎம் 2023-இல் அறிவித்தது. வரிக்கு வரி மாற்றும் பழைய கருவிகள் தரும் ஜாவா, பெயரளவில்தான் ஜாவா, நடையெல்லாம் கோபால். நிரலர்கள் அதை ‘ஜோபால்’ என்பார்கள். புதிய கருவிகள் தரும் நிரலின் நடை சரளமானது. ஆனால் அந்தச் சரளம் சரியான விடைக்கு உத்தரவாதமாகாது. கோபால் பணக்கணக்கைத் தசம எண்களில் போடும். அதையே ஜாவாவின் மிதவைப்புள்ளி எண்களில் போட்டால் பைசாக்கள் பிசகும். ஆகவே ஒரே உள்ளீட்டைப் பழைய நிரலுக்கும் புதியதற்கும் கொடுத்து, விடைகளை ஒப்பிட்ட பிறகே பழையதை நிறுத்த வேண்டும்.