கோபுரம் இல்லாத விமான நிலையம்

விமான நிலையம் என்றால் பெரிய கட்டிடமும் கூட்டமும்தானே நினைவுக்கு வருது? அமெரிக்காவில் பெரும்பாலான சின்ன விமான நிலையங்களில் ஒரு ஓடுதளம், ஒரு ஷெட், ஒரு பெட்ரோல் பம்ப், அவ்வளவுதான். கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது! அப்போ "இறங்கு" என்று யார் சொல்வது? யாரும் சொல்ல மாட்டாங்க. விமானியே முடிவு செய்யணும்.

முதலில் மேலிருந்து காற்றுப் பையைப் பார்ப்பார். காற்றை எதிர்த்து இறங்கினால்தான் தரையில் வேகம் குறைவாக இருக்கும். பிறகு தான் எங்கே இருக்கிறார் என்பதை ரேடியோவில் மற்ற விமானிகளுக்குச் சொல்வார். ஓடுதளத்தில் 16 என்று எழுதியிருந்தால் திசைகாட்டியில் ஏறத்தாழ 160 டிகிரி என்று பொருள். மறுமுனையில் 34, அதாவது 340 டிகிரி. இரவில் பல இடங்களில் ரேடியோ பொத்தானை 5 விநாடிக்குள் 7 தடவை அழுத்தினால் விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரியும்!

கொலராடோ மாநிலத்தின் லெட்வில் விமான நிலையம் 9,900 அடிக்கு மேல் உள்ளது. வட அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ளவற்றில் இதுவே மிக உயரமானது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். என்ஜின் சக்தியும் குறைந்து, விமானம் கிளம்ப நீண்ட தூரம் ஓடணும். கணக்குப் போடாமல் மதியத்தில் கிளம்பினால் ஆபத்து. அதனால் பலர் காலைக் குளிரிலேயே கிளம்பிவிடுவார்கள்.

அந்நாட்டில் தனியார் விமானி உரிமம் பெற 17 வயது போதும். ஆனால் அதற்கு முன் தன்னந்தனியாக 150 கடல் மைல் பறந்து, 3 இடங்களில் இறங்கிக் காட்டணும். நம்ம பிளஸ் டூ அண்ணன், அக்கா வயசுதான்!

இயற்பியலும் கணக்கும் மார்க்குக்கு மட்டும் இல்லை, உயிரையும் காக்கும். யோசிச்சுப் பாருங்க!