‘போதும்’ என்று சொல்லக் கற்றுத் தருவோம்!

‘சாப்பாடு ஆறுது, வாடா!’ என்று நாலு முறை கூப்பிட்டாலும் பிள்ளை செல்போனிலிருந்து தலை நிமிர்வதில்லை. ‘இது ஒண்ணு மட்டும்மா’ என்பான். அந்த ‘ஒண்ணு’ முடியவே முடியாது. ஏன் தெரியுமா?

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால், அடுத்த பக்கத்துக்கு நாமே பொத்தானை அழுத்திப் போகவேண்டும். 2006-ல் அஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பிற்பாடு அவரே அதற்காக வருந்தினார். பக்கம் முடியும் இடத்தில்தானே ‘போதும், எழுந்திருப்போம்’ என்று தோன்றும்? அந்த இடமே இப்போது இல்லை!

2009-ல் ஃபேஸ்புக்கில் ‘லைக்’ பொத்தான் வந்தது. நூறு பேர் பாராட்டினாலும், ‘இருநூறு ஏன் வரவில்லை?’ என்று இளம் மனம் ஏங்குகிறது. அந்த எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியை ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் 2021-ல் தந்தன. ஆனால், மறைப்பதும் மறைக்காததும் அவரவர் விருப்பம்தான்.

நம் வழிபாட்டு முறையைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நிறைவு உண்டு. பிராகார வலம், கொடிமரத்தின் முன் விழுந்து வணங்குவதில் நிறைவுறும். ஏகாதசி விரதம், துவாதசிப் பாரணையில் பூர்த்தியாகும். அபிஷேகம், அலங்காரம் முடிந்து தீபாராதனை காட்டியதும் மனம் நிறைந்துவிடும். ‘போதும்’ என்ற நிறைவைப் பழக்கும் பாடங்கள் அல்லவா இவை!

அந்தச் சன்னதியிலும் செல்போன் நுழைந்துவிட்டது. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில், தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தீபாராதனை நேரத்தில் போனை உயர்த்திப் பிடித்தவர்கள் பிள்ளைகள் மட்டும்தானா? நாமும்தானே!

எனவே, நம்மிடமிருந்தே தொடங்குவோம். மாலையில் விளக்கேற்றும்போது, வீட்டிலுள்ள எல்லோருடைய போன்களையும் ஒரு தட்டில் வைத்து, அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். முதலில் வைக்கவேண்டியது அம்மாவின் போன்! கற்பூரம் குளிரும்வரை, அந்தப் பத்து நிமிடம் போதும். திட்டவேண்டாம், உபதேசமும் வேண்டாம். பிரசாதத்தைக் கையில் கொடுத்து, ‘இன்னிக்கு என்னப்பா நடந்தது?’ என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை காது கொடுங்கள்.

லைக்குகள் தராத நிறைவை, அம்மா கேட்கிறாள் என்ற நினைப்பு அவனுக்குத் தரும்!